தரை வேலை தவறிப்போனால்: வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சுவரில் அடித்த வண்ணம் பிடிக்கவில்லை என்றால் அடுத்த பொங்கலுக்கு வேறு வண்ணம் அடித்துக்கொள்ளலாம். தரையைத் திரும்பத் தொட வேண்டுமானால் கட்டிலையும் பீரோவையும் நகர்த்தி, சமையலறையைக் காலி செய்து, வீட்டார் சில நாள் வேறிடத்தில் தங்க வேண்டும். அதனால்தான் தரையில் ஒரு குறை கண்ணில் பட்டதும், சிலர் கோபத்தில் எல்லாவற்றையும் உடைக்கச் சொல்கிறார்கள். வேறு சிலர் மேலே ஒரு பாயை விரித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். குறை மேலே தெரிந்தாலும் அதன் காரணம் டைலிலோ, டைலைப் பிடித்திருக்கும் கலவையிலோ, அதன் அடியிலுள்ள கான்கிரீட்டிலோ, அதற்கும் கீழே நிரப்பிய மண்ணிலோ இருக்கலாம். எந்த அடுக்கில் குறை என்று கண்டறியாமல் உடைத்துப் போட்டால், புதிய தரையிலும் அதே குறை தலைகாட்டும். தமிழ்நாட்டு வீடுகளில் வழக்கமாகப் போடப்படும் தரைகளை மனத்தில் கொண்டு கீழ்க்காணும் விடைகள் எழுதப்பட்டுள்ளன.

புதிய தரையை எப்போது, எப்படிச் சோதிக்க வேண்டும்?

இடுக்குகளில் கிரௌட் (டைல்களுக்கு இடையிலுள்ள இடுக்கை அடைக்கும் கலவை) நிரப்புவதற்கு முன்பு சோதிப்பதே சிறந்தது. அந்த நிலையில் ஒரு டைலைப் பெயர்த்து எடுப்பது எளிது. பக்கத்து டைல்களுக்கும் சேதம் குறைவு. போட்டு முடித்த மறுநாள், கொத்தனார் வந்திருக்கும்போதே, ஆறடி நீளமுள்ள அலுமினிய மட்டப்பலகையைத் தரையில் பல திசைகளில் வைத்து அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு நாணயத்தாலோ சுத்தியலின் மரப்பிடியாலோ ஒவ்வொரு டைலின் நான்கு மூலைகளையும் நடுப்பகுதியையும் தட்டுங்கள். இரவில் விளக்குகளை அணைத்துவிட்டுக் கைவிளக்கைத் தரையோடு தரையாகப் பிடித்தால், பகலில் தெரியாத மேடு பள்ளமெல்லாம் நிழலாகத் தெரியும். குறையுள்ள இடங்களைச் சாக்குக்கட்டியால் குறித்து, தேதி தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாய்ச்சண்டையைவிட இந்தப் படங்கள் அதிகம் பயன்படும்.

தட்டினால் சில டைல்களில் 'டொப் டொப்' என்று வெற்றொலி கேட்கிறது. எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா?

எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் அந்த ஒலி ஏன் வருகிறது என்பதைப் புரிந்துகொண்ட பிறகே எதை மாற்றுவது என்று முடிவு செய்ய வேண்டும்.

நம் ஊரில் நெடுங்காலமாக இருந்துவரும் முறையில், ஒன்றரை அல்லது இரண்டு அங்குலக் கனத்துக்குச் சிமெண்ட் கலவையைப் பரப்பி, அதன்மேல் சிமெண்ட் பாலை ஊற்றி, கல்லை வைத்துத் தட்டி மட்டம் பார்ப்பார்கள். மொசைக், கடப்பா போன்றவற்றுக்கு இந்த முறை நன்றாகவே பொருந்தியது. அவற்றின் அடிப்பக்கம் சொரசொரப்பாக இருப்பதால் சிமெண்டைப் பற்றிக்கொள்ளும். இன்று பெரும்பாலான வீடுகளில் போடப்படும் விட்ரிஃபைடு டைல், அதாவது கண்ணாடிபோல் இறுகச் சுட்ட டைல், அப்படிப்பட்டதல்ல. அதன் நீர் உறிஞ்சும் அளவு வழக்கமாக எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் போவதில்லை. ஏறத்தாழ எதையும் உறிஞ்சாத அந்த அடிப்பரப்பைச் சிமெண்ட் பால் மட்டும் உறுதியாகப் பிடித்து நிற்பதில்லை. போதாக்குறைக்கு, சூளையில் ஒட்டாமலிருக்கப் பூசப்படும் வெள்ளைப் பொடி அடிப்பக்கத்தில் அப்படியே இருக்கும். அதைத் துடைக்காமல் பதித்தால் பிடிப்பு இன்னும் குறையும். அட்ஹெசிவ் (டைல் ஒட்டும் பசைக்கலவை) பயன்படுத்துகிறோம் என்று சொல்லும் இடங்களிலும், நான்கு மூலைகளிலும் நடுவிலும் ஐந்து உருண்டைகளாக வைத்து அழுத்திவிட்டுப் போகும் பழக்கம் இருக்கிறது. உருண்டைகளுக்கு இடையில் காற்றுதான் இருக்கும். வெற்றொலி அங்கிருந்துதான் வருகிறது.

மூலையில் உள்ளங்கை அளவுக்கு மட்டும் ஒலி வேறுபட்டு, அந்த டைல் கட்டிலுக்கு அடியிலோ நடமாட்டம் இல்லாத ஓரத்திலோ இருந்தால், விட்டுவிடலாம். டைலின் நடுப்பகுதி முழுவதும் வெற்றொலி கேட்டாலும், வாசல், சமையலறை, பீரோவின் கால் நிற்கும் இடம் ஆகியவற்றில் கேட்டாலும் மாற்றிவிடுவதே நல்லது. நிறை குடமோ அம்மிக்குழவியோ விழுந்தால் முதலில் உடைவது அந்த டைல்தான். ஓர் அறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெற்றொலி கேட்டால், ஒன்றிரண்டாக மாற்றுவதில் பொருளில்லை என்பது என் கருத்து. செய்முறையே தவறு என்பதால் இன்று நன்றாக ஒலிப்பவையும் நாளை கழன்றுகொள்ளும்.

ஒரே ஒரு டைலை எடுக்கும்போது, முதலில் சுற்றியுள்ள நான்கு இடுக்குகளையும் கட்டிங் மெஷினால் அறுத்துவிட வேண்டும். பிறகு டைலின் நடுவில் உடைத்து, ஓரத்தை நோக்கிப் பெயர்க்க வேண்டும். ஓரத்தில் உளியை வைத்து நெம்பினால் பக்கத்து டைலின் விளிம்பு சிதறிவிடும். அடியிலிருக்கும் பழைய கலவையைச் சில மில்லிமீட்டர் ஆழம் சுரண்டி, தூசியை நீக்கி, பல் வைத்த கரண்டியால் அட்ஹெசிவை முழுப்பரப்பிலும் இழுத்து, டைலின் முதுகிலும் மெல்லிய பூச்சுக் கொடுத்துப் பதிக்க வேண்டும். அதன்பின் ஒரு நாள் முழுவதும் மிதிக்கக் கூடாது.

இடுக்கில் துளையிட்டு எபாக்ஸி என்ற இறுகும் பிசினைச் செலுத்தும் முறையையும் சிலர் பரிந்துரைக்கிறார்கள். அடிக்கலவை கெட்டியாக இருந்து, டைலின் பிடிப்பு மட்டும் விட்டிருக்கும்போது அது பலன் தரலாம். கலவையே பொடிப்பொடியாக உதிரும் தரையில் அது வீண்செலவு.

கோடையில் டைல்ஸ் வெடிச்சத்தத்தோடு கூடாரம்போல் எழும்பிவிட்டன. நிலநடுக்கமா?

இந்தக் கேள்வியைப் பலரும் உண்மையான அச்சத்தோடுதான் கேட்கிறார்கள். பெரும்பாலும் காரணம், டைல்களுக்கு இடையில் இடமே விடாமல் ஒன்றையொன்று முட்டும்படி பதித்ததுதான். வெப்பத்தில் டைல் விரிகிறது. அடியிலிருக்கும் கான்கிரீட்டோ உலர உலரச் சுருங்குகிறது. விரிய இடமில்லாத டைல்கள் ஒன்றையொன்று தள்ளி, பிடிப்பு எங்கே குறைவாக இருக்கிறதோ அந்த வரிசையில் மேலெழும்புகின்றன. பழியை முழுவதும் கொத்தனார்மேல் போடவும் முடியாது. 'கோடே தெரியக் கூடாது' என்று கேட்டு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வீட்டுக்காரர்கள்தாம்.

எழும்பிய வரிசையை மட்டும் எடுத்து, அதே இடத்தில் அதே போல் பதித்தால் அடுத்த கோடையில் வேறு வரிசை எழும்பும். ஆகவே, சுவரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்கர்ட்டிங் பட்டையைக் கழற்றி, தரை டைல் சுவரில் முட்டுகிறதா என்று பாருங்கள். முட்டினால், சுற்றிலும் எட்டு முதல் பத்து மில்லிமீட்டர் வரை அறுத்து இடைவெளி ஏற்படுத்துங்கள். அந்த இடைவெளி பிறகு ஸ்கர்ட்டிங்கின் அடியில் மறைந்துவிடும். எடுத்த வரிசையை, இடைவெளி மாறாமலிருக்க ஸ்பேசர் வைத்து, இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் இடுக்கு விட்டுத் திரும்பப் பதிக்க வேண்டும். நீளமான கூடத்திலும், வெயில் நேராக விழும் பால்கனியிலும் மொட்டைமாடியிலும், இடையில் ஒரு விரிவு இடுக்கை விட்டு, அதில் கிரௌட்டுக்குப் பதிலாக நெகிழும் சீலண்ட் நிரப்புவது அவசியம். அட்ஹெசிவ் வாங்கும்போது விலையோடு, இந்தியத் தரமான ஐ.எஸ். 15477-இல் எந்த வகை என்றும் பையில் பார்த்து வாங்குங்கள். முதல் வகை நீர் உறிஞ்சும் சாதாரண செராமிக் டைல்ஸுக்கானது. விட்ரிஃபைடு, பெரிய அளவு, வெளிப்புறம் ஆகியவற்றுக்கு அதற்கு மேற்பட்ட வகைகள் தேவை.

குளியலறையில் தண்ணீர் சுவரோரம் தேங்குகிறது. உடைக்காமல் சரிசெய்ய வழி உண்டா?

தரை வேலையில் வரும் தவறுகளில் மேற்பூச்சால் தீர்க்கவே முடியாதது வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, தவறுவதுதான். பள்ளமான இடத்தில் கிரௌட்டை நிரப்புவது, அதன்மேல் ரப்பர் பாய் போடுவது, ஒவ்வொரு குளியலுக்குப் பிறகும் வைப்பரால் தள்ளுவது எல்லாம் நாள்களைக் கடத்தும் வழிகள். தேங்கிய தண்ணீர் இடுக்குகள் வழியே கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். டைலும் கிரௌட்டும் தண்ணீரைத் தடுக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருந்தாலும் அது தவறானது. தடுப்பது அவற்றின் அடியில் உள்ள நீர்த்தடுப்புப் பூச்சு மட்டுமே. அந்தப் பூச்சில் சிறு பிளவு இருந்தாலும், கீழ்வீட்டுக்காரரின் மேற்கூரையில் கறை படரும் வரை உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

குளியலறைக்கு நூறுக்கு ஒன்று முதல் எண்பதுக்கு ஒன்று வரை வாட்டம் வேண்டும். அதாவது, ஒரு மீட்டருக்குப் பத்து முதல் பன்னிரண்டு மில்லிமீட்டர் வரை நானி டிராப்பை (தரையிலுள்ள வடிகால் வாயை) நோக்கித் தரை இறங்க வேண்டும். கதவோரத்தில் நின்று ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, எங்கே நிற்கிறது, எங்கே திரும்புகிறது என்று பாருங்கள். எல்லாத் தண்ணீரும் டிராப் அருகே வந்து, வாயில் மட்டும் இறங்காமல் நின்றால், டிராப்பின் வாய் உயரமாக வைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அப்போது சுற்றியுள்ள நான்கைந்து டைல்களை எடுத்து வாயைத் தாழ்த்தினால் போதும். தண்ணீர் கதவை நோக்கியோ எதிர்ச்சுவரை நோக்கியோ ஓடினால் முழுத்தரையையும் எடுத்தாக வேண்டும்.

அப்படி எடுக்கும்போது நீர்த்தடுப்புப் பூச்சு நிச்சயம் சேதப்படும். ஆகவே, பழைய பூச்சு இருக்கிறது என்று கொத்தனார் சொன்னாலும் ஏற்காமல், புதிதாகப் பூசி, சுவரிலும் ஓரடி உயரத்துக்கு ஏற்றிவிடச் சொல்லுங்கள். சுவர் டைல்ஸின் அடி வரிசையை இதற்காக எடுக்க வேண்டியிருக்கும். பூச்சு உலர்ந்தபின் டிராப்பை அடைத்து, இரண்டு நாள் தண்ணீரைத் தேக்கி வைத்து, கீழ்த்தளத்தின் கூரையைப் பார்த்த பிறகே டைல் பதிக்க அனுமதிக்க வேண்டும். வேலை தாமதமாகிறது என்று யார் முணுமுணுத்தாலும் இந்தச் சோதனையை விட்டுக்கொடுக்காதீர்கள்.

டைலின் அளவும் இங்கே முக்கியம். நான்கு பக்கமிருந்தும் ஒரு புள்ளியை நோக்கித் தரை சரிய வேண்டும் என்றால், இரண்டுக்கு இரண்டடி டைல் அதற்கு வளைந்துகொடுக்காது. ஓரடிக்கு ஓரடியோ அதைவிடச் சிறியதோ போட்டால் வாட்டம் இயல்பாக அமையும். இடுக்குகள் அதிகமாவதால் வழுக்கலும் குறையும். வழுக்கலுக்கு ஆர் 9 முதல் ஆர் 13 வரை ஒரு தரவரிசை பெட்டியிலோ விவரப் பட்டியலிலோ குறிக்கப்பட்டிருக்கும். எண் கூடக் கூடப் பிடிமானம் அதிகம். முதியவர்கள் இருக்கும் வீட்டில் குளியலறைக்கு ஆர் 10-க்குக் குறைந்ததை வாங்குவதில் நியாயமில்லை.

பழைய தரையை உடைக்காமல் அதன் மேலேயே டைல்ஸ் போடலாமா?

போடலாம்; ஆனால் பழைய தரை கெட்டியாக இருந்தால் மட்டுமே. பழைய தரையே வெற்றொலி தந்தாலோ, விரிசல் விட்டிருந்தாலோ, மழைக்காலத்தில் ஈரம் கசிந்தாலோ, மேலே போடும் டைலும் அந்த நோயை வாங்கிக்கொள்ளும். மொசைக் தரையில் பல ஆண்டுப் பாலிஷும் மெழுகும் படிந்திருக்கும். சிவப்பு ஆக்சைடு தரையில் எண்ணெய் ஊறியிருக்கும். இரண்டையும் மெஷினால் தேய்த்தோ கொத்தியோ சொரசொரப்பாக்காமல் அட்ஹெசிவ் பூசக் கூடாது.

பெரும்பாலோர் மறந்துவிடுவது உயரத்தை. அட்ஹெசிவ் மூன்று முதல் ஆறு மில்லிமீட்டர், டைல் எட்டு முதல் பத்து மில்லிமீட்டர் என்று வைத்தால், தரை ஏறத்தாழ அரை அங்குலமோ அதற்கு மேலோ உயர்ந்துவிடும். மரக்கதவின் அடியை இழைத்துக்கொள்ளலாம். இரும்புக் கதவையும் பிளாஸ்டிக் கதவையும் அவ்வளவு எளிதில் குறைக்க முடியாது. சுவரோடு கட்டிய அலமாரியின் கீழ்க் கதவுகள் திறக்காமல் போகும். குளிர்சாதனப் பெட்டிக்கென்று அளந்து விட்ட இடத்தில் அது நுழையாது. குளியலறையின் தரை கூடத்தைவிட அரை அங்குலமாவது தாழ்ந்திருக்க வேண்டும். குளியலறைக்குள் மட்டும் மேலே போட்டு, கூடத்தை அப்படியே விட்டால் அந்தத் தாழ்வு மறைந்து, தண்ணீர் கூடத்துக்கு வரும்.

எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது மாடிப்படி. கீழ்த்தளத்தின் தரை உயர்ந்தால் முதல் படியின் உயரம் குறையும். மேல்தளத்தின் தரை உயர்ந்தால் கடைசிப் படியின் உயரம் கூடும். மற்றப் படிகளின் உயரத்துக்குப் பழகிய கால், வேறுபட்ட அந்த ஒரு படியில்தான் தடுக்கும். இரண்டு தளங்களின் தரையும் ஒரே அளவு உயர்ந்து இந்தத் தவறு நடந்துவிட்டிருந்தால், படிகள் அனைத்தின்மேலும் அதே கனத்துக்கு டைலோ கிரானைட்டோ போட்டு உயரத்தைச் சமமாக்குவதுதான் முறையான தீர்வு. மஞ்சள் பட்டை ஒட்டுவதெல்லாம் அதுவரைக்குமான எச்சரிக்கை.

இங்கே ஒரு வார்த்தை. முப்பது நாற்பது ஆண்டுப் பழைய மொசைக் தரையை மூடுவதற்கு முன், மொசைக் பாலிஷ் செய்கிறவர் ஒருவரை அழைத்து ஒரு மூலையை மட்டும் தேய்த்துக் காட்டச் சொல்லுங்கள். சிமெண்டில் பளிங்குச் சில்லுகளைப் பதித்துச் செய்த அந்தத் தரை, மேலடுக்கு மெல்லியதாகத் தேய்க்கப்பட்டதும் புதியதுபோல் மின்னும். அதைப் பார்த்தபின் டைல் வாங்கும் எண்ணத்தையே கைவிட்டவர்கள் உண்டு; அவர்கள் அறிவாளிகள் என்றே நினைக்கிறேன்.

ஒரே டைல்தான் வாங்கினோம். ஆனால் கூடத்தின் ஒரு பாதி வேறு நிறமாகத் தெரிகிறது. ஏன்?

ஒரே பெயர், ஒரே வடிவம் என்றாலும் ஒவ்வொரு முறை சூளையில் சுடும்போதும் நிறத்தில் சிறு வேறுபாடு வரும். அதனால்தான் பெட்டியில் பேட்ச் எண்ணும் ஷேடு எண்ணும் அச்சிடப்படுகின்றன. முதலில் வாங்கியது குறைந்துபோய், சில வாரம் கழித்து மீண்டும் வாங்கும்போதுதான் இந்தத் தவறு நடக்கிறது. நேராகப் பதிக்கும் அறைக்குப் பத்து சதவீதமும், மூலைவாட்டாகப் பதிப்பதற்குப் பதினைந்து சதவீதமும் வேஸ்டேஜுக்காகக் கூட்டி ஒரே தடவையில் வாங்கினால் இது நேராது.

பதித்துவிட்ட பிறகு கடைக்காரர் பொறுப்பேற்பது அரிது. பதிப்பதற்கு முன் சரிபார்க்கவும் என்ற வாசகம் பெட்டியிலேயே இருக்கும். கலவை இன்னும் இறுகாத நிலையில், ஒரே நாளில் கவனித்துவிட்டால், வேறு நிறத்தவற்றை எடுத்துக் கழுவி, தனி அறை ஒன்றில் முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். இறுகிவிட்டால், உடைப்பதற்கு முன் ஒரு மாதம் அந்தத் தரையோடு வாழ்ந்து பாருங்கள் என்பேன். சோபாவும் விரிப்பும் வந்த பிறகும் கண்ணை உறுத்தினால், இரண்டு நிறங்களும் சந்திக்கும் வரிசையை மட்டும் எடுத்து, வேண்டுமென்றே வேறுபட்ட நிறத்தில் ஒரு பட்டையைப் பதித்தால், தவறு அலங்காரம்போல் ஆகிவிடும். வலிமையில் எந்தக் குறையும் இல்லாத ஒரு தரையை நிறத்துக்காக மட்டும் முழுவதும் உடைப்பதை நான் ஆதரிப்பதில்லை.

டைல்களின் விளிம்புகள் ஒன்றுக்கொன்று உயர்ந்து தாழ்ந்து இருக்கின்றன. மெஷினால் தேய்த்துச் சமமாக்கலாமா?

கிரானைட், மார்பிள் என்றால் தேய்க்கலாம். மேலே மெருகு அடுக்கு உள்ள விட்ரிஃபைடு டைலைத் தேய்த்தால் வடிவமே போய்விடும். நீளமான டைல்களின் நடுப்பகுதி இயல்பாகவே சிறிது மேல்வளைந்திருக்கும். இரண்டுக்கு நான்கடி டைல்களைச் செங்கல் அடுக்குபோல் பாதிக்குப் பாதி தள்ளிப் பதித்தால், ஒன்றின் உயர்ந்த நடுப்பகுதி அடுத்ததன் தாழ்ந்த முனையை ஒட்டி வரும். எவ்வளவு கைதேர்ந்த கொத்தனாராலும் அதை மறைக்க முடியாது. மூன்றில் ஒரு பங்கு மட்டும் தள்ளிப் பதித்து, விளிம்புகளை ஒரே மட்டத்தில் பிடித்துவைக்கும் லெவலிங் கிளிப் பயன்படுத்தினால் பெருமளவு குறையும். முடிந்துபோன தரையில், வெறுங்காலில் தட்டுப்படும் டைல்களை மட்டும் மாற்றுங்கள்.

கிரௌட் கறையையும் சிமெண்ட் படிவையும் ஆசிட் ஊற்றிக் கழுவலாமா?

கழிவறைக்கு விற்கும் ஆசிட்டைத் தரையில் ஊற்றுவது, வேலை முடிந்த வீட்டில் செய்யப்படும் கடைசித் தவறு. அது சிமெண்ட் கிரௌட்டை அரித்து இடுக்குகளைத் திறந்துவிடும். மார்பிளையும் மொசைக்கையும் ஆத்தங்குடிக் கல்லையும் நிரந்தரமாக மங்கச்செய்யும். புகை மூச்சுக்கும் கேடு. மெல்லிய சிமெண்ட் படிவை ஈரத்துணியும் நைலான் நாரும் கொண்டு பலமுறை தேய்த்தாலே பெரும்பாலும் போய்விடும். எபாக்ஸி கிரௌட்டின் படிவுதான் கடினமானது. அதைப் பூசிய சில நிமிடங்களிலேயே துடைக்காவிட்டால், தயாரிப்பாளரே விற்கும் தனிக் கரைப்பான் தேவைப்படும். ஆகவே எபாக்ஸி நிரப்புகிறவர் ஒருவர் என்றால், பின்னாலேயே துடைத்துக்கொண்டு வர இன்னொருவர் இருக்க வேண்டும்.

ஆத்தங்குடிக் கல், சிவப்பு ஆக்சைடு போன்ற பழைய வகைத் தரைகளில் நேரும் தவறுகள் எவை?

சிவகங்கை மாவட்டத்து ஆத்தங்குடியில் இந்தக் கல் சுடப்படுவதில்லை. கண்ணாடிமேல் வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்துகிறார்கள். கண்ணாடியின் வழவழப்பே கல்லின் வழவழப்பு. கையால் செய்யப்படுவதால் கல்லுக்குக் கல் கனம் சற்று மாறும். அதனால் மெல்லிய அட்ஹெசிவைவிடக் கனமான கலவைப் படுகையே இதற்குப் பொருந்தும். விட்ரிஃபைடு டைலுக்குப் பழகிய ஆள், வழிந்த சிமெண்டை மாலையில் துடைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார். இந்தக் கல் அதை உறிஞ்சிக் கறையாக்கிக்கொள்ளும். பளபளப்பு வரவில்லை என்று பாலிஷ் மெஷின் ஓட்டினால் வண்ண அடுக்கே தேய்ந்துவிடும். துடைத்து, தேங்காய் எண்ணெயை மிகமிகக் குறைவாகத் தொட்டுத் தேய்த்து, நடமாடிக்கொண்டே இருந்தால் மெருகு தானாக ஏறும். தொடக்கத்தில் வெள்ளையாக உப்புப் பூத்தால் பதறாமல் ஈரத்துணியால் துடைத்து வாருங்கள். பல மாதமாகியும் நிற்கவில்லை என்றால் அடியில் ஈரம் இருக்கிறது, அதைத்தான் தேட வேண்டும்.

சிவப்பு ஆக்சைடு தரையில் விரிசல் விழுந்தால், அந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போட்டு நிறத்தைச் சேர்ப்பது ஏறத்தாழ இயலாத காரியம். ஒரு கட்டம் முழுவதையும் எடுத்துப் போடுவதும், விரிசலை அப்படியே ஏற்பதும்தான் உண்மையான வழிகள். புதிதாகப் போடுகிறவர்கள், பூசிய பிறகு ஒரு வாரமாவது ஈரம் காயாமல் நீராட்ட வேண்டும். விரிசல்களில் பெரும்பகுதி இதை அலட்சியம் செய்ததால் வருவதே.

மரத்தரை போன்ற லாமினேட் பலகைகள் உப்பி எழுந்துவிட்டன. திரும்பப் படியுமா?

படியாது. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை ஒருமுறை தண்ணீர் குடித்து உப்பினால் மாற்றுவதே வழி. தண்ணீர் படாமலேயே நடுவில் எழும்பியிருந்தால், சுவரோர இடைவெளி இல்லாததே காரணமாக இருக்கும். ஓரத்தை அறுத்தால் சில நேரம் படிந்துவிடும். தண்ணீர் ஊற்றிக் கழுவும் பழக்கம் உள்ள வீட்டுக்கு இந்தத் தரை பொருந்தாது.

தரைத்தளத்தில் ஓர் அறையின் தரையே இறங்கியிருக்கிறது. டைல்ஸை மாற்றினால் போதுமா?

ஸ்கர்ட்டிங்குக்கும் தரைக்கும் இடையில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிந்தால், டைலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. கட்டும்போது அஸ்திவாரத்துக்குள் நிரப்பிய மண்ணை அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு இறுக்காததால், அது இப்போது தானாக இறுகுகிறது. அல்லது, தரைக்கடியில் செல்லும் குழாய் உடைந்து மண்ணைக் கரைத்துக்கொண்டிருக்கிறது. முதலில் குழாய்களைச் சோதித்துவிடுங்கள். பிறகு தரையை உடைத்து, மண்ணை இறுக்கி, ஜல்லிக் கான்கிரீட் போட்ட பிறகே டைல் பற்றிப் பேச வேண்டும். சுவரிலும் சாய்வான விரிசல் இருந்தால், கொத்தனாரை விட்டுவிட்டுக் கட்டுமானப் பொறியாளரை அழையுங்கள்.

தவறுக்கான செலவை யார் ஏற்க வேண்டும்?

பொருளையும் கூலியையும் சேர்த்து ஒருவரிடமே ஒப்பந்தம் கொடுத்திருந்தால் பொறுப்பு அவருடையது என்பதில் குழப்பமில்லை. டைலை நீங்கள் வாங்கிக்கொடுத்து, பதிப்பதற்கு மட்டும் சதுர அடிக் கூலி பேசியிருந்தால், கொத்தனார் டைலைக் குறை சொல்வார், கடைக்காரர் கொத்தனாரைக் குறை சொல்வார். ஆகவே, வேலை தொடங்கும்போதே ஒரு தாளில், எந்த வகை அட்ஹெசிவ், எத்தனை மில்லிமீட்டர் இடுக்கு, குளியலறை வாட்டம் எவ்வளவு, வெற்றொலி வந்தால் யார் செலவில் மாற்றுவது என்பதை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கையாவது, கிரௌட் முடிந்து சில வாரம் கழித்துத் தருவதாக முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். முன்பு பேசாமல் கடைசியில் பணத்தைப் பிடித்துக்கொள்வது நியாயமும் அல்ல, அதனால் வேலை நடப்பதும் இல்லை. கூலியாள்களுக்கு அன்றன்றைய கூலி போய்விட வேண்டும். நிறுத்திவைப்பது ஒப்பந்தக்காரரின் தொகையில்தான்.

பேசித் தீராதபோது, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும்; 5 லட்சம் வரை கட்டணம் இல்லை; குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் முறையிட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தாலே சில நிறுவனங்கள் இறங்கி வரும். நாள் கூலிக்கு ஆள் வைத்து, நீங்களே மேற்பார்த்துச் செய்த வேலைக்கு இந்த வழி பெரும்பாலும் பயன்படாது. கட்டுநரிடம் புதிதாக வாங்கிய அடுக்குமாடி வீடு என்றால் நிலைமை வேறு: 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் சுட்டிக்காட்டப்படும் கட்டுமானக் குறையையும் வேலைத்திறன் குறையையும் அவர் கட்டணமின்றி 30 நாளுக்குள் சரிசெய்து தர வேண்டும். ஆனால் நீங்கள் இடையில் அந்தத் தரையை உடைத்து மாற்றியிருந்தால், அந்தப் பகுதிக்கு அவர் பொறுப்பேற்க மறுப்பார்.

மீந்துபோன டைல்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

உடையாத முழுப் பெட்டிகளைக் கடை ஏற்றுக்கொண்டால் கொடுங்கள். ஆனால் அறைக்கு ஒரு பெட்டி வீதம் நிறுத்திக்கொள்ளுங்கள். ஐந்தாண்டு கழித்து ஒரு குழாய்க்காகத் தரையை உடைக்க நேர்ந்தால் அந்த வடிவம் கடையில் இருக்காது. எந்த அறைக்கு உரியது என்று பெட்டியின்மேல் எழுதி, பேட்ச் எண் உள்ள பக்கத்தைக் கிழிக்காமல், பரணில் படுக்கவைக்காமல் விளிம்பில் நிற்கும்படி அடுக்கி வையுங்கள்.